மெதுவாகப் பேசும் கார்பன்

இந்த வருஷம் சில்வண்டுகள் வரவே இல்லையே என்று நான் சொன்னேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை மாதத்துக் கடைசி வாரம். பட்டறை முற்றத்து மல்பெரி மரத்தடியில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பன்றிக் கொழுப்பில் பொரித்த ரொட்டியைக் கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள் ஓரியெல்லா. சுடச்சுட அதைப் பிளந்து, உள்ளே உப்பிட்ட ஹாம் இறைச்சியை மடித்து வைத்து ஆளாளுக்கு விழுங்கிக்கொண்டிருந்தோம். ஓரியெல்லா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னடி நீவெஸ், கிண்டலா? இதுங்க போடுற கூச்சல்ல நான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்."

தலைக்கு மேலே கையைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்தேன். கைக்கு எட்டும் உயரத்தில், பட்டையோடு பட்டையாக ஒரு சில்வண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிறு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

சும்மா சொன்னேன் என்று நானும் சிரித்துவைத்தேன்.  வாயில் இருந்த ரொட்டியைக் கைக்குட்டையில் துப்பி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டு வயதில் காது மந்தமாவது உலக அதிசயம் இல்லை. என் அண்ணன் மனைவி இரண்டு வருஷமாக எதைக் கேட்டாலும் "ஆங்?" என்கிறாள், நாங்கள் எல்லோரும் அவளை ஓட்டுகிறோம், நான்தான் அதிகமாக ஓட்டுகிறேன். ஆனால் என் காது அப்படி வீட்டோடு கிடக்கிற காது இல்லை. இந்தப் பட்டறையே நீவெஸின் காதை நம்பித்தான் ஓடுகிறது என்று இவானோ வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

இவானோ எங்கள் முதலாளி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அப்போதே வாய் நீளம். மோதெனா ஊரைச் சுற்றி வேகக் கார்கள் செய்கிற பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுக்கும், தனியாகக் கார் செய்து விற்கிற சின்ன ஆட்களுக்கும் நாங்கள் கார்பன் இழையில் பானெட், கதவு, கூரை செய்து கொடுக்கிறோம். பசை ஊறிய கறுப்புத் துணியை அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டுவது ஓரியெல்லாவின் வேலை. அதை அழுத்தமும் சூடும் கொடுக்கிற பெரிய உருளை அடுப்பில் வேகவைத்து எடுத்தால், ஒரு பெண்பிள்ளை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பானெட் கிடைக்கும். வாங்க வருகிறவர்கள் முன்னால் இவானோ அதன்மேல் ஒரு முழுப் பார்மிஜானோ சீஸ் வட்டையை ஏற்றி வைப்பான். ஒரு வளர்ந்த ஆளின் பாதி எடை அது. பானெட் அசையாது. போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அதன் பலத்தில் குறை சொல்ல முடியாது. குறை உள்ளே இருந்தால் வெளியே காட்டிக்கொள்ளாது என்பதுதான் அதன் குணம். இரும்புத் தகட்டுக்கு ஏதாவது ஆனால் நசுங்கும், வளையும், முன்கூட்டியே அழுது காட்டும். கார்பன் கடைசி நொடி வரைக்கும் பளபளவென்று இருந்துவிட்டு, போகும்போது மொத்தமாகப் போகும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று மாட்டினாலும், துணியின் முதுகில் ஒட்டி வருகிற நீலத் தாளில் ஒரு துண்டை உரிக்காமல் விட்டாலும், அந்த இடம் ஒட்டியதுபோல நடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. தட்டினால்தான் தெரியும்.

தட்டுவது எங்கள் குடும்பத் தொழில். கார்பனை அல்ல, சீஸை. அப்பாவும் அண்ணனும் சீஸ் கிடங்கில் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு வட்டையாகத் தட்டி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்கிறவர்கள். இருபது வயதிலிருந்து நானும் தட்டினேன். சீஸைத் தட்டுகிறவள் கார்பனையும் தட்டுவாள் என்று இவானோ ஒருநாள் என்னைக் கொத்திக்கொண்டு வந்துவிட்டான். உயிர் தாங்குகிற உட்கூடுகளைப் பரிசோதனை மிஷினுக்கு நகரத்துக்கு அனுப்புவோம். வெளிப்பலகைகளுக்கு என் காதும் ஒரு பழைய நூறு லிரா காசும் போதும் என்பது அவன் கணக்கு. நன்றாக ஒட்டிய இடத்தில் காசைத் தட்டினால் கிண்ணென்று கேட்கும். ஒட்டாத இடத்தில் பொத்தென்று விழும். எங்கள் ஊரில் சீஸ் தட்டுகிறவர் வாயிலிருந்து வந்த சொல்லை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மரியாதை அப்படியே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன குளிர்காலத்தில் இவானோ வேறொரு ஆலையிலிருந்து புதுத் துணி வாங்க ஆரம்பித்தான். அதில் செய்த முதல் கதவைத் தட்டியபோது சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. இந்தத் துணி மெதுவாகப் பேசுகிறது என்று நான் சொன்னேன். இவானோவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. எங்கள் புதுக் கார்பன் மெதுவாகப் பேசும் கார்பன் என்று வாங்க வருகிறவர்களிடம் அளந்துவிட்டான். அவர்களும் தலையாட்டினார்கள். ஓரியெல்லாகூட, ஆமாம், கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எழுந்தபோதும் நான் அந்த வண்டின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெதுவாகப் பேசியது துணிதானா?

அந்த நினைப்பு வந்ததுமே என் மகள் மிலேனாவின் முகம் வந்தது. 

மிலேனா புதுக் கார்களை முதன்முதலாக ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவள். அன்று காலையில்தான் இவானோவோடும் வாங்க வந்த ஆட்களோடும் மலைமேல் இருக்கிற ஓடுபாதைக்குப் போயிருந்தாள். அவள் அங்கே ஓட்டுகிற காரின் பானெட் எங்களுடையது. போன வாரம் நான் தட்டி, சுண்ணக்கட்டியால் என் அடையாளத்தைப் போட்டு அனுப்பியது. காலையில் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதையில் எஞ்சின் சத்தமே கேட்கக் கூடாது என்பது அந்த மலை ஊர்க்காரர்கள் போட்டிருக்கிற நிபந்தனை. அவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான், இரண்டு மணிக்கு, முழு வேகம்.

முழு வேகத்தில் காற்று பானெட்டின் அடியில் புகுந்து மேலே தள்ளும். முன்பக்கத்துக் கொக்கிதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கியைச் சுற்றி அடுக்கு ஒட்டாமல் இருந்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும், பானெட் எழும்பிக் கண்ணாடியில் அறையும். வேறொரு பட்டறையின் பானெட் அப்படித் திறந்துகொண்ட காரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டினவனைப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் இரண்டு பலகைகள் மாட்டியிருக்கும். ஒன்று நல்லது. இன்னொன்றில் வேண்டுமென்றே நீலத் தாளை உள்ளே விட்டு வேகவைத்திருந்தோம். இரண்டையும் மாட்டியதே நான்தான். அதற்குப் பிறகு நான் அவற்றைத் தொட்டதில்லை. தெரிந்தவளுக்கு எதற்குப் பாடம்?

காசை எடுத்து நல்ல பலகையைத் தட்டினேன். பிறகு கெட்டதைத் தட்டினேன்.

மறுபடி நல்லது. மறுபடி கெட்டது. காதைத் திருப்பி வைத்துத் தட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். காசு நழுவிக் கீழே விழுந்தது. சிமெண்டுத் தரையில் உருண்டு போனதைப் பார்த்தேன், விழுந்த சத்தம் எனக்கு வரவில்லை.

இரண்டு பலகையும் ஒன்றாகத்தான் பேசின. மெதுவாக.

 சனிக்கிழமைகளில் அண்ணனின் கிடங்கில் நான் இன்னும் சீஸ் தட்டிக்கொண்டுதான் இருந்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை. சீஸின் குரல் தடித்த குரல். அது கேட்கிறது என்றால் எல்லாம் கேட்கிறது என்று நினைத்துவிட்டேன். மேலே இருக்கிற மெல்லிய குரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போயிருக்கின்றன, சொல்லாமல் கொள்ளாமல். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

மிலேனாவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தது. இவானோவுடையதும் அப்படியே. வெளிவராத கார்களை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று வாசலிலேயே போன்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், அது எனக்கும் தெரிந்ததுதான். ஓடுபாதை அலுவலகத்துக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரே சாப்பிடுகிற நேரத்தில் அவர்கள் மட்டும் வேலை செய்வார்களா?

ஓரியெல்லாவிடம் ஓடினேன். உன் வண்டியை எடு, மலைக்குப் போகணும் என்றேன். எதற்கு என்று கேட்டாள். பானெட்டில் ஒரு சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் என் வேலை போகும், அது ஒன்று. இன்னொன்றை நினைக்கவே நான் துணியவில்லை.

மலைப்பாதையில் ஓரியெல்லா தன் பழைய சின்னக் காரைப் பிழிந்து ஓட்டினாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. என்ன சந்தேகம், அடுக்கிலா, நான் ஒட்டியதிலா, தாளை ஒழுங்காகத்தானே உரித்தேன், என்மேல் பழி போடப் பார்க்கிறாயா என்று அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.  ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் மரங்கள் போயின. அத்தனை மரத்திலும் வண்டுகள் கத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாதை முழுக்க நிசப்தம்.

கடைசி வளைவில் அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். தடித்த குரல்கள் எனக்கு நன்றாகக் கேட்கும். எஞ்சினைச் சூடேற்றுகிறார்கள்.

"ஆரம்பிச்சுட்டாங்கடி," என்றாள் ஓரியெல்லா.

வாசலில் ஒரு தடித்த காவல்காரர் பீச் பழம் தின்றுகொண்டிருந்தார். அனுமதிச் சீட்டு கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சாயங்காலம் வாங்கம்மா என்றார். உள்ளே ஓட்டுவது என் மகள் என்றேன். பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள் என்று சிரித்தார். பானெட்டில் பழுது இருக்கலாம் என்றேன். கம்பெனி ஆள் சொன்னால்தான் வண்டியை நிறுத்த முடியும், யார் யாரோ வந்து சொன்னால் நிறுத்துவதற்கு இது பஸ் இல்லை என்றார். பழச்சாறு அவர் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் உறுமல் நகர ஆரம்பித்துவிட்டது.

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அந்த பானெட்டைத் தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னவ நான்தான்யா. எனக்குக் காது கேக்கல. கேக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். இப்ப நிறுத்துறியா, இல்ல நான் உள்ள போய்ப் பாதையில நிக்கட்டுமா?"

ஓரியெல்லா என் பின்னால் நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் உண்மை தெரிந்தது.

காவல்காரர் பழத்தைக் கீழே போட்டுவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் கார் நேர்பாதைக்கு வந்துவிட்டது. வேலிக் கம்பிகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று எங்களைக் கடந்து போனது. பானெட் இருந்தது. அடுத்த வளைவுக்குப் பின்னால் மறைந்தது. ஒரு சுற்று முழுக்க ஓட்டித்தான் உள்ளே வர முடியும், குறுக்கு வழி கிடையாது. வாக்கி டாக்கியில் நிறுத்தச் சொன்னது அவளுக்குக் கேட்டதா, கேட்டும் இந்த ஒரு சுற்றை மிதித்துவிடலாம் என்று நினைத்தாளா? அவள் அப்படி நினைக்கிறவள்தான், என் பெண்ணாயிற்றே. உறுமல் மலைக்குப் பின்னால் போய்த் தேய்ந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கேட்கவில்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா? ஓரியெல்லாவின் கையைப் பிடித்து, சத்தம் வருகிறதா, சொல்லு, வருகிறதா என்று உலுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவளை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. அந்தச் சுற்று முடியும்வரை அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காவல்காரர் எங்களை உள்ளே விட்டார். கார் மெதுவாக வந்து கூரையடியில் நின்றது. மிலேனா ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. அவளுக்கோ கோபம்.

"என்னம்மா இது? வாங்க வந்தவங்க முன்னாடி மானத்த வாங்குற."

இவானோவும் அதைத்தான் சொன்னான், இன்னும் நீளமாக. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த, வாங்க வந்த இரண்டு ஆட்கள் கண்ணாடிக் குவளைகளை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். இவானோ குரலைத் தாழ்த்தி, நீயே தட்டி அடையாளம் போட்டது, வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தான். நான் காசை எடுத்தேன். பானெட்டின் முன்விளிம்பிலிருந்து தட்டிக்கொண்டு போனேன். எனக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. காதை விட்டுவிட்டு அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்.

முகங்கள் முதலில் எரிச்சலாக இருந்தன. கொக்கி இருக்கும் இடத்துக்குக் கை வந்தது. இவானோவின் வாய் பாதியில் நின்றது. ஓரியெல்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாங்க வந்தவர்களில் ஒருவர் ஒரு அடி பின்னால் போனார்.

மிலேனா என் கையிலிருந்து காசை வாங்கினாள். கொக்கியை ஒட்டி ஒருமுறை தட்டினாள். ஒரு சாண் தள்ளி ஒருமுறை தட்டினாள். மறுபடி கொக்கியிடம் வந்தாள். அங்கே விரல் வைத்து அழுத்தினாள். அந்த இடம் நகத்தளவு உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"அம்மா, இதுக்கும் இதுக்கும் உனக்கு வித்தியாசமே தெரியலையா?"

தெரியவில்லை என்றேன்.

அவள் காரின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக் கழற்ற முயன்றாள், வரவில்லை.  பக்கத்தில் உட்கார்ந்து கையுறையை நான் உருவி எடுத்தேன். சின்னப் பிள்ளையில் குளிர்காலத்தில் செய்ததைப்போல. அவள் என் தோளில் தலையை வைத்தாள். ஏதோ முணுமுணுத்தாள். எனக்குக் கேட்கவில்லை என்பது நினைவு வந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி சொன்னாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

நான் இவானோவைப் பார்த்தேன். அவனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான், வாய் திறக்காமல். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. குளிர்காலத்து முதல் கதவு. பிறகு பானெட்டுகள், கூரைகள். எல்லாவற்றிலும் என் சுண்ணக்கட்டி அடையாளம். வார்னிஷ் பூசி, பெட்டியில் வைத்து, எந்தெந்த ஊருக்கோ போய்விட்டன. மெதுவாகப் பேசும் கார்பன்.

தெரியவில்லை என்று மிலேனாவிடம் சொன்னேன். அதுதான் உண்மை.

கீழே பள்ளத்தாக்குச் சாலையில் யாரோ ஒருவர் வண்டியை வேகமாக மிதித்தார். ஜூலை வெயில், நல்ல சாலை, ஓட்டாமல் என்ன செய்வார்கள். அந்த உறுமல் மலையில் மோதி மேலே ஏறி வந்தது. இவானோ அந்தப் பக்கம் திரும்பினான், ஓரியெல்லாவும் திரும்பினாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது.